சாலை அகலமானால் நெரிசல் தீருமா? கிளியனூர் பஸ் ஸ்டாப் சொல்லும் கணக்கு

சனிக்கிழமை காலை. சென்னையில் இருந்து நாலு நண்பர்கள் காரில் புதுச்சேரிக்குக் கிளம்புகிறார்கள். போனில் மேப்பைத் திறந்தால் இரண்டு வழி காட்டுகிறது. ஒன்று, ஈ.சி.ஆரில் மாமல்லபுரம், மரக்காணம் வழியாக. இன்னொன்று, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு, திண்டிவனம் வரை போய், அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 32-ல் திரும்பி. இரண்டாவது வழியில் போனால், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவாக்கில் ஓர் ஊர்ப் பலகை வரும்: கிளியனூர். நாலு வழிச்சாலை என்பதால் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போயிருக்கும்.

இரண்டு நாள் கழித்து, திங்கள்கிழமை காலை அதே இடத்துக்கு வந்து பாருங்கள். ஜிப்மர் ஓ.பி. சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நிற்பார். காலேஜ் பையோடு பிள்ளைகள் நிற்பார்கள். பஸ்கள் வராமல் இல்லை. வரிசையாக வருகின்றன. அதில் எது நிற்கும், எது நிற்காமல் போகும், எதில் டிக்கெட் வாங்க வேண்டும், எதில் வேண்டாம் என்பதுதான் அவர்களுடைய தினசரிக் கணக்கு.

காரில் போகிறவரின் பிரச்சினைக்கு 'போக்குவரத்து நெரிசல்' என்று பெயர் இருக்கிறது. அதற்குத் திட்டம் வருகிறது, நிதி வருகிறது, அடிக்கல் நாட்டு விழா நடக்கிறது. பஸ்ஸுக்காக நிற்பவரின் பிரச்சினைக்கு அப்படி ஒரு பெயர்கூட இல்லை. உண்மையில் இரண்டும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகள். நிற்கிறவருக்கு நம்பகமான பஸ் இல்லாமல், போகிறவருக்கு நெரிசல் தீரப் போவதில்லை. சென்னை - புதுச்சேரி தடத்தில் இப்போது கோடிக்கணக்கில் பணம் இறங்கும் நேரத்தில் இதைப் பேசியாக வேண்டும்.

இந்தத் தடத்தில் என்ன நடக்கிறது?

திண்டிவனம் - புதுச்சேரி சாலை ஏற்கெனவே நாலு வழியாகிவிட்டது. மொரட்டாண்டியில் சுங்கச்சாவடியும் இருக்கிறது. அடுத்து ஈ.சி.ஆரின் முறை. மாமல்லபுரத்தில் இருந்து புதுச்சேரி வரையிலான பகுதி, தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்ற பெயரில், மூன்று கட்டங்களாக நாலு வழியாகிறது. கடைசிக் கட்டமான மரக்காணம் - புதுச்சேரி பகுதிக்கு 2025 ஆகஸ்ட் 8 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நீளம் 46 கிலோமீட்டர். மதிப்பீடு 2,157 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 கோடி.

இது 'ஹைப்ரிட் ஆன்யூட்டி' முறையில் கட்டப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தரும். மீதியை ஒப்பந்ததாரர் திரட்டிக் கட்டுவார்; அந்தப் பணத்தை அரசு பல ஆண்டுகளுக்குத் தவணையாகத் திருப்பித் தரும். வீட்டுக்கு இ.எம்.ஐ. கட்டுகிற மாதிரிதான்.

அரசின் அறிவிப்பில், இந்தச் சாலை எதையெல்லாம் இணைக்கும் என்று ஒரு பட்டியல் வந்தது. இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள், இரண்டு மாநில நெடுஞ்சாலைகள், புதுச்சேரி, சின்னபாபுசமுத்திரம் ஆகிய இரண்டு ரயில் நிலையங்கள், புதுச்சேரி விமான நிலையம், கடலூர் சிறு துறைமுகம். இந்தப் பகுதியில் அதிகம் பேர் தினமும் ஏறி இறங்குகிற இடம் எது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் 'பஸ் ஸ்டாண்ட்' என்பார்கள். பட்டியலில் அது இல்லை.

சாலை அகலமானால் நெரிசல் குறையத்தானே வேண்டும்?

முதல் ஓரிரு வருஷம் குறையும். அதில் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் பாடம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி ஃப்ரீவே என்று ஒரு சாலை. பல நூறு கோடி டாலர் செலவில் அதை அகலப்படுத்தி 2008-ல் திறந்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள். உலகத்தின் மிக அகலமான சாலைகளில் ஒன்று. 2011-க்கும் 2014-க்கும் இடையே அந்தச் சாலையில் பீக் ஹவர் பயண நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, காலையில் சுமார் 30 சதவீதமும் மாலையில் சுமார் 55 சதவீதமும் கூடியிருந்தது. 26 தடம் போட்டும் இந்த நிலை.

காரணம் எளிமையானது. சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும், அதுவரை பஸ்ஸிலோ ரயிலிலோ போனவர் காரை எடுக்கிறார். மாதம் ஒருமுறை புதுச்சேரி போனவர் இரண்டு முறை போகிறார். சாலையோரத்தில் வில்லா, ரிசார்ட், 'மெயின் ரோட்டில் இருந்து அஞ்சே நிமிஷம்' என்று மனை விளம்பரம் வருகிறது. அங்கே குடிவருகிறவருக்கும் கார் இல்லாமல் முடியாது. ஜில்ஸ் டுரான்டன், மேத்யூ டர்னர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களின் தரவுகளை வைத்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. நெடுஞ்சாலையின் நீளம் எந்த அளவுக்குக் கூடுகிறதோ, ஏறத்தாழ அதே அளவுக்கு வண்டிகளின் ஓட்டமும் கூடுகிறது.

இது நகரங்களைப் பற்றிய ஆய்வு, அதை அப்படியே மரக்காணத்துக்குப் பொருத்த முடியாது என்று வாதிடலாம். நியாயமான வாதம். ஈ.சி.ஆர். நாலு வழியாவதற்கு வலுவான பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. இரண்டு வழிச்சாலையில் எதிரும் புதிருமாக ஓவர்டேக் செய்யும்போது நடக்கிற நேருக்கு நேர் மோதல், நடுவில் தடுப்பு வந்தால் பெருமளவு குறையும். ஆகவே சாலையே வேண்டாம் என்பது இங்கே வாதமில்லை. சாலையை மட்டும் போட்டுவிட்டு நெரிசலைத் தீர்த்துவிட்டதாகக் கணக்கு எழுதக் கூடாது என்பதுதான்.

ஏனென்றால் நாலு வழியில் வேகமாக வந்த வண்டிகள் கடைசியில் போய்ச் சேரும் இடம் புதுச்சேரி. திண்டிவனம் சாலையும் ஈ.சி.ஆரும் சந்திக்கும் ராஜீவ் காந்தி சிலை சதுக்கம் பற்றி, வீக்கெண்டில் அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கிருந்து இந்திரா காந்தி சிலை சதுக்கம் வரை சுமார் 436 கோடி ரூபாயில் மேம்பாலச் சாலைக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். புனலின் வாயை அகலமாக்கிக்கொண்டே போகிறார்கள். அடியில் இருக்கிற குழாய் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துத் தெருக்கள்தான். அவற்றை எந்த அமைச்சரவையாலும் அகலப்படுத்த முடியாது.

வண்டியை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

சாலை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பொறியாளர்கள் கணக்கிட 'பயணிகள் கார் அலகு' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் ஊரகச் சாலைகளுக்கு வகுத்த கணக்கின்படி ஒரு கார் 1 அலகு. ஒரு டூவீலர் 0.5. ஒரு பஸ் 3.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கிளியனூர் பக்கத்தில் இருந்து 50 பேர் புதுச்சேரிக்குப் போக வேண்டும்.

• ஒரே பஸ்ஸில் போனால்: 3 அலகு.
• ஆளுக்கொரு டூவீலரில் போனால்: 25 அலகு.
• இரண்டிரண்டு பேராக டூவீலரில் போனால்: 12.5 அலகு.
• காருக்கு இரண்டு பேர் என்று போனால்: 25 அலகு.

அதாவது ஒரு பஸ்ஸை நம்பிப் பயணிகள் காத்திருக்கும்வரை, சாலையில் 22 கார்களுக்கான இடம் மிச்சமாகிறது. அந்த பஸ் நம்பிக்கையை இழக்கும் நாளில் அந்த இடமும் போய்விடுகிறது. காரில் போகிறவர், தனக்கு முன்னால் 'மெதுவாகப் போய் வழியை மறிக்கும்' டவுன் பஸ்ஸைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார். அந்த பஸ் இல்லையென்றால் அதன் இடத்தில் 25 பைக்கோ 25 காரோ இருக்கும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

இந்தக் கணக்கு டெல்லிக்குத் தெரியாததல்ல. 2006-ல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் அடிப்படையே இதுதான்: நகர்த்த வேண்டியது மனிதர்களை, வாகனங்களை அல்ல. ஆனால் அது நகரங்களுக்கான கொள்கை. கிளியனூர் நகரமல்ல. நகரங்களுக்கு இடையே ஓடும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கும் ஊர். நெடுஞ்சாலைத் துறையின் வேலை சாலை போடுவது. போக்குவரத்துக் கழகத்தின் வேலை பஸ் விடுவது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

கிளியனூர்க்காரர்களுக்கு எங்கே போக வேண்டும்?

ஊரின் தெற்கே புதுச்சேரி. வடக்கே திண்டிவனம். கிழக்கே கழுவெளி சதுப்புநிலம். 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அதைத் தாண்டினால் ஈ.சி.ஆர்., மரக்காணம் உப்பளங்கள், கடல்.

புதுச்சேரி நகருக்குள் நுழையும் முன்பே, இதே திண்டிவனம் சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் வந்துவிடும். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பெரிய வியாதி என்றால் முதலில் வாயில் வரும் பெயர் அது. ஓ.பி.யில் பதிவு செய்யக் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் எடுத்து, மாத்திரை வாங்கித் திரும்ப மாலையாகிவிடும். நோயாளியால் பைக் ஓட்ட முடியாது. ஓட்டிக்கொண்டு போக மகன் ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஆட்டோ வைத்தால் மருந்துச் செலவைவிட ஆட்டோச் செலவு அதிகம். இலவச வைத்தியம் கிடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதே ஒரு செலவாகிவிடுகிறது.

மரக்காணம் பக்கம் போனால் கதை வேறு. உப்பளத்தில் வெயில் ஏறும் முன்பே வேலையை முடித்தாக வேண்டும். உப்பு வாரப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். அவர்கள் வீட்டில் இருந்து கிளம்பும் நேரத்தில் முதல் பஸ் டிப்போவை விட்டே வந்திருக்காது. நடை, இல்லையென்றால் லோடு ஆட்டோ. பஸ் அட்டவணை என்பது பத்து மணிக்கு ஆபீஸ் போகிறவரை மனதில் வைத்துப் போடப்படுகிறது. விடியும் முன் வேலைக்குப் போகிறவர் அந்த அட்டவணையில் இல்லை.

இப்படி பஸ் கைவிடும் இடத்தில்தான் பைக் வருகிறது. கடனை வாங்கியாவது ஒரு வண்டி. அதன் விலை தவணையோடு முடிவதில்லை. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நாட்டின் சாலை நீளத்தில் சுமார் 2 சதவீதமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் 36 சதவீத மரணங்கள் நடந்தன. கிளியனூர் என்ற பெயர் செய்திகளில் எப்படி வருகிறது என்று தேடிப் பாருங்கள். 'கிளியனூர் அருகே விபத்து' என்றுதான் பெரும்பாலும் வரும்.

இன்னொன்றும் உண்டு. நாலு வழிச்சாலையில் பஸ் பயணம் செய்கிறவர் ஒரு நாளில் ஒரு தடவையாவது சாலையைக் கடந்தே ஆக வேண்டும். போகும்போது ஏறுகிற பஸ் ஒரு பக்கம், வரும்போது இறங்குகிற இடம் எதிர்ப்பக்கம். நடுவில் சென்டர் மீடியன், சீறி வரும் வண்டிகள். சாலை அகலமாக அகலமாக பஸ்ஸில் போவது கஷ்டமாகிறது. பஸ்ஸில் போவது கஷ்டமாக ஆக பைக் கூடுகிறது.

அரசு எதுவும் செய்யவில்லையா?

செய்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநில திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது அரிசிக் கணக்கை மாற்றுகிற தொகை. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நாட்டில் வேறு பல மாநிலங்களும் பெண்களுக்கு இலவசப் பயணம் தந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் 'டவுன் பஸ்' என்ற சொல்லில் ஒரு முடிச்சு இருக்கிறது. நகரத்தில் வாழும் பெண்ணுக்கு வீட்டு வாசலுக்கு வரும் பஸ் டவுன் பஸ். நெடுஞ்சாலை ஊரில் வாழும் பெண்ணின் கண் முன்னால் அதிகம் ஓடுவது புறநகர் பஸ், எக்ஸ்பிரஸ், இடைநில்லா பஸ். அவற்றில் இலவசம் கிடையாது; பல பஸ்களுக்கு ஸ்டாப்பிங்கும் கிடையாது. 'இது நிக்காதும்மா, பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்க' என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனால் அவரையும் குறை சொல்ல முடியாது. சட்டப்படி அது நிற்காத வண்டி. பின்னால் வருகிற வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும் என்பதுதான் கேள்வி. டிக்கெட் இலவசம், காத்திருக்கிற நேரம் இலவசமல்ல.

இரண்டாவது, மினி பஸ். 1997-ல் முதன்முதலில் வந்த திட்டத்தைப் புதுப்பித்து, 2025-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். ஒரு தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 சதவீதம் இதுவரை பஸ் போகாத பகுதியாக இருக்க வேண்டும். கிளியனூர் போன்ற ஊருக்கு இது பொருத்தமான திட்டம். நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே இருக்கும் கிராமங்களை மெயின் ரோட்டோடு இணைப்பதற்குப் பெரிய பஸ் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், மினி பஸ்ஸை ஓட்டப்போவது தனியார். கலெக்ஷன் வரும் தடத்துக்குத்தான் ஆள் வருவார்கள். பஸ் மிகவும் தேவைப்படும் தடமும் லாபம் வரும் தடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

மூன்றாவது, சென்னை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்ட பஸ்கள் நகருக்குள் வருவது குறைந்தது. ஆனால் முனையம் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் அலைந்தார்கள். இணைப்பு முதலில், கட்டடம் பிறகு என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஓர் அமைப்பு இருந்ததால் அது சாத்தியமானது. திண்டிவனத்துக்குத் தெற்கே அப்படி ஓர் அமைப்பு இல்லை.

எல்லைக் கோடு எங்கே இடிக்கிறது?

கிளியனூர் தமிழ்நாடு. அதன் ஆஸ்பத்திரி, கடைத்தெரு, காலேஜ், வேலை பெரும்பாலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். மனிதர்கள் இந்தக் கோட்டை ஒரு நாளைக்கு இரண்டு தடவை யோசிக்காமல் தாண்டுகிறார்கள். பஸ் அப்படித் தாண்ட முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 88-வது பிரிவின்படி, ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட் இன்னொரு மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அந்த மாநிலத்தின் மேலொப்பம் வேண்டும். எத்தனை பஸ், எந்தத் தடம், எத்தனை நடை என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்ய வேண்டும். ஒரு டவுன் பஸ்ஸைக் கூடுதலாக ஒரு நடை ஓட்டுவதற்கும் ஃபைல் இரண்டு தலைமைச் செயலகங்களைப் பார்க்கலாம். ஒரு பக்கம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம், இன்னொரு பக்கம் புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகம், இடையில் தனியார் பஸ்கள். மூவருக்கும் பொதுவான நேர அட்டவணை இல்லை. ஒரே நேரத்தில் மூன்று பஸ் போட்டி போட்டு வரும். அடுத்து நீண்ட நேரம் ஒன்றும் வராது.

ரயில் கைகொடுக்குமா? விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது. இன்றைக்கும் புதுச்சேரி ரயில் விழுப்புரம் சுற்றித்தான் வருகிறது. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னையையும் கடலூரையும் இணைக்கும் கடற்கரை ரயில் பாதை பல ஆண்டுகளாகப் பேச்சாகவே நிற்கிறது. அது வரும்வரை கிளியனூருக்கு ரயில் என்றால் திண்டிவனம் ஸ்டேஷன். அங்கே ரயில் வரும் நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி பஸ் விடுவதற்குப் புதுப் பாதை போடத் தேவையில்லை. நேர அட்டவணையில் பேனா வைத்தால் போதும்.

'பஸ் காலியா ஓடுதே, நஷ்டம்தானே?'

பஸ் வேண்டும் என்று கேட்டால் வருகிற முதல் பதில் இது. நஷ்டம் உண்மை. ஆனால் அது எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒரு பஸ் ஓடிய தடத்தில் ஒரு நடையைக் குறைக்கிறார்கள். காத்திருப்பு ஒரு மணி நேரமாகிறது. நம்பிக்கை போய் நாலு பேர் பைக் வாங்குகிறார்கள். கலெக்ஷன் குறைகிறது. கலெக்ஷன் குறைந்ததைக் காட்டி இன்னொரு நடையைக் குறைக்கிறார்கள். கடைசியில் 'இந்தத் தடத்தில் ஆளே இல்லை' என்று அறிக்கை எழுதுகிறார்கள். ஆள் இருக்கிறார்கள். பைக்கில் இருக்கிறார்கள்.

மேலும், லாபமா நஷ்டமா என்ற கேள்வி பஸ்ஸிடம் மட்டும்தான் கேட்கப்படுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 47 கோடி செலவாகும் சாலையை யாரும் 'நஷ்டத்தில் ஓடுகிறது' என்று சொல்வதில்லை. அதை உள்கட்டமைப்பு என்கிறார்கள். சாதாரண டீசல் பஸ் ஒன்றின் விலையை இன்னும் லட்சங்களில்தான் சொல்கிறோம். சாலை உள்கட்டமைப்பு என்றால், அதில் ஓடுகிற பஸ்ஸும் அப்படித்தான்.

அப்படியென்றால் காருக்குக் கட்டணம் போட்டு நெரிசலைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். சிங்கப்பூர் 1975-லேயே அதைச் செய்தது. லண்டன் 2003 பிப்ரவரி 17 அன்று நகரின் மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் கொண்டுவந்தது. அதே நாளில் 300 கூடுதல் பஸ்களையும் இறக்கியது. வரிசையைக் கவனியுங்கள். காரை விடு என்று சொல்லும் அன்றைக்கே, இதோ பஸ் என்று காட்டினார்கள். பஸ்ஸைக் காட்டாமல் 'பப்ளிக் டிரான்ஸ்போர்ட் யூஸ் பண்ணுங்க' என்று அட்வைஸ் செய்வதில் அர்த்தமில்லை.

சரி, என்னதான் செய்யலாம்?

பெரிய பட்ஜெட் இல்லாமலே தொடங்கக்கூடியவை இவை.

1. நிறுத்தத்தோடு சேர்த்துச் சாலை. நாலு வழிச்சாலைக்கான இந்திய சாலைகள் காங்கிரஸ் கையேட்டிலேயே பஸ் ஒதுங்கும் இடம், பயணிகள் நிழற்குடை எல்லாம் இருக்கின்றன. மரக்காணம் - புதுச்சேரி சாலையில் வேலை நடக்கும்போதே இவை சரியான இடத்தில் வர வேண்டும். ஊராட்சிகளைக் கேட்டு இடத்தைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாதுகாப்பாகச் சாலையைக் கடக்க வழி வேண்டும். அரசு பல ஆண்டுகளுக்குத் தவணை கட்டப்போகிற திட்டம் இது. நிறுத்தங்களைப் பராமரிப்பதும் அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனையாக இருக்கட்டும்.

2. எல்லா ஊரிலும் நிற்கும் ஒரு ஷட்டில். திண்டிவனத்தில் இருந்து கிளியனூர், ஜிப்மர் வழியாகப் புதுச்சேரிக்கு, விடியற்காலை முதல் இரவு வரை குறித்த இடைவெளியில் ஒரு பஸ். இருபது நிமிஷத்துக்கு ஒன்று என்றால் இருபது நிமிஷத்துக்கு ஒன்று. அட்டவணையைப் பார்க்காமலே ரோட்டுக்கு வந்து நிற்கலாம் என்ற நிலை வந்தால்தான் பைக் வீட்டில் நிற்கும்.

3. இலவசப் பயணத்தின் முடிச்சை அவிழ்ப்பது. நெடுஞ்சாலை ஊர்களில் இருந்து பக்கத்து நகரம் வரையிலான குறுகிய தூரத்துக்கு, பஸ்ஸின் போர்டு என்ன நிறம் என்று பார்க்காமல் பெண்களுக்கு அந்தச் சலுகை செல்ல வேண்டும். முடியாது என்றால் அந்த ஷட்டிலை டவுன் பஸ்ஸாக ஓட்டினாலே போதும்.

4. மினி பஸ்ஸுக்குத் தட வாரியாக மானியம். ஆள் வராத தடங்களுக்கு, குறைந்த மானியம் கேட்பவருக்கு ஏலத்தில் உரிமை தரலாம். நிபந்தனை ஒன்று: மெயின் ரோட்டு ஷட்டிலின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். உப்பளப் பகுதிகளில் சீசன் மாதங்களில் விடியலுக்கு முன் ஒரு நடை.

5. இரண்டு அரசும் உட்காரும் ஒரு மேஜை. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி, கடலூர் நான்கும் சேர்ந்து நடைமுறையில் ஒரே பயணப் பகுதி. சென்னைக்கு இருப்பது போல இதற்கும் ஒருங்கிணைந்த போக்குவரத்து அமைப்பு வேண்டும். பொது அட்டவணை, ஒரே டிக்கெட், பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டும் வசதி. சென்னையில் மாநகர பஸ் எங்கே வருகிறது என்று செயலியில் பார்க்க முடிகிறது. கிளியனூரில் கையை நெற்றியில் வைத்துச் சாலையின் கோடியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் சென்னைக்காரருக்கு என்ன?

தீபாவளி, பொங்கல் நேரத்தில் பரனூரில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. அந்த நாட்களில் அரசு ஆயிரக்கணக்கில் சிறப்பு பஸ் விடுகிறது. அவை இல்லையென்றால் அந்தக் கூட்டத்தை எத்தனை வழிச்சாலையாலும் தாங்க முடியாது என்பது அரசுக்கும் தெரியும், பயணிக்கும் தெரியும். பண்டிகைக்குத் தெரிகிற உண்மை சாதாரண நாளில் மறந்துபோகிறது.

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இன்றைக்கு மொபெட்டில் போகும் ஒவ்வொருவரும், நாளைக்குக் கொஞ்சம் வசதி வந்ததும் கார் வாங்கப்போகிறவர். அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர் கார் வாங்கினாலும் தினமும் அதை எடுக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் சரியான நேரத்துக்கு வந்து நிற்கும் பஸ்ஸாகத்தான் இருக்க முடியும். அது இல்லையென்றால் நாலு வழி பத்து வருஷத்தில் நிரம்பும். பிறகு ஆறு வழி கேட்போம்.

மரக்காணம் - புதுச்சேரி சாலை திறக்கும் நாளில், சென்னையில் இருந்து எத்தனை நிமிஷம் மிச்சம் என்று எல்லாரும் எழுதுவார்கள். அதோடு சேர்த்து இன்னொரு கணக்கையும் அரசு வெளியிடட்டும். சொந்த வண்டி இல்லாத ஒருவர், கிளியனூரில் இருந்தோ மரக்காணத்தில் இருந்தோ கிளம்பி, ஓ.பி. திறக்கும் நேரத்துக்கு ஜிப்மர் வாசலில் நிற்க முடிகிறதா? இருட்டிய பிறகு பஸ்ஸிலேயே வீடு திரும்ப முடிகிறதா? சாலையைக் கடக்கும்போது உயிருக்குப் பயப்படாமல் கடக்க முடிகிறதா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வரும் வருஷத்தில், ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நிற்கிற கார்களின் வரிசையும் குறைந்திருக்கும்.